நான் தேய்த்த மேகம்

இன்று காலை உங்கள் அலமாரியின் மேல் தட்டைத் திறந்தேன். கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. ஆறு ஆண்டுகளாக நான் தொடாத தட்டு. எண்ணெய்ப் புட்டி என்றோ வற்றிவிட்டது. அடியில் மட்டும் பிசின் மாதிரி மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசனை மட்டும் போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நீங்கள் அதைத் திறக்கும்போதெல்லாம், வீடே பல் வைத்தியர் அறை மாதிரி நாறுகிறது என்று நான் குறை சொல்வேன். "பல்லுக்கு இல்ல மதர், கத்திக்கு" என்பீர்கள், தலையைத் திருப்பாமலே.

கான்வென்டில் வளர்ந்தவள் என்பதால் கல்யாணமான முதல் மாதத்திலேயே எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டீர்கள். அலமாரித் துணி மடிப்பைச் சரிபார்த்தால் "மதர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துட்டாங்க." குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நானே சொல்லிவிட்டால் "மதரே ஒப்புக்கிட்டாங்க, எழுதி வைங்க." நான் எதையும் ஒப்புக்கொள்வது அவ்வளவு அபூர்வம். அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள உங்களால் முடிந்தது. இன்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதைக் கேட்டு நீங்கள் சிரித்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஜப்பானிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் அந்தக் கத்தியை அடித்தவர். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது; நீங்கள் போய்விட்டது அவருக்குத் தெரியாது. தெரிவித்திருக்க வேண்டியவள் நான். வருடப் பிறப்புக்கு அவர் அனுப்பும் வாழ்த்து அட்டைகளைப் பதில் போடாமல் மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்தேன். அவருக்கு எழுதினால் கத்தியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்ற பயம்.

உங்கள் ஷா ஆலம் தொழிற்சாலை உங்களைப் பயிற்சிக்கு அனுப்பிய காலத்தில்தான் அவரைப் பார்த்தீர்கள். உடன் வேலை செய்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகட்டும் என்று தன் ஊர்ப்பக்கம் கூட்டிப் போய், ஒரு பட்டறை வாசலில் இறக்கிவிட்டாராம். உள்ளே உங்களைவிட இளைய ஒருவர், கரியைக் கடலை மிட்டாய் அளவில் வெட்டி வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தாராம். அவர் உங்களிடம் ஓர் அரத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் கொடுத்தார். நீங்கள் ராவினீர்கள். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் பாஷை இல்ல மதர். நாள் பூரா பேசிக்கிட்டிருந்தோம்" என்று திரும்பி வந்து சொன்னீர்கள். டூல் ரூமில் முப்பது ஆண்டு இருந்த உங்கள் கைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் அவரிடம் ஒரே ஒரு கத்தி கேட்டீர்கள். எதற்கு என்று அவர் திருப்பி எழுதினார். "பார்ப்பதற்கு" என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். இரண்டு ஆண்டு காத்திருந்து, நீங்களே போய் வாங்கி வந்தீர்கள். ஒரு சாணுக்கு விரற்கடை கூட நீளம். பிடியும் உறையும் வெறும் வெள்ளை மரம். வண்ணம் இல்லை, கயிறு இல்லை, ஒரு பூ வேலைப்பாடுகூட இல்லை. பிடிக்குள் ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் இரும்பில் அவர் உளியால் வெட்டிய பெயர்.

நான் அன்று பேசிய பேச்சை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

"எங்கப்பாவக் கூட்டிட்டுப் போனவங்க கத்தி என் வீட்டுல எதுக்கு?"

"இத அடிச்சவரு அப்பப் பொறக்கவே இல்ல."

"அதனால? பூ போட்டுக் கும்பிடவா?"

"கும்பிட வேண்டாம். பாத்தாப் போதும்."

"நீங்களே பாருங்க. என் சாமி முன்னால அது வரக்கூடாது."

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள். மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்களாம். அம்மா கிள்ளானில் கான்வென்ட் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். அதனால்தான் எனக்குப் படிப்பு, அதனால்தான் இந்த ஆங்கிலம், இந்தக் கையெழுத்து, இந்தச் சுத்தம். சனிக்கிழமைதோறும் தேவாலயத்தின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்குவது என்னைப் போன்ற பிள்ளைகளின் வேலை. "உன் முகம் தெரியவில்லை என்றால் அது சுத்தமாகவில்லை" என்பார் ஒரு சிஸ்டர். முகம் தெரியும்வரை தேய்ப்பேன். எனக்குத் தெரிந்து அவர் என் தண்டைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

அப்பாவின் புகைப்படம்கூட எங்களிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் என் கோபத்தோடு நீங்கள் வாதாடவில்லை. பதினெட்டு ஆண்டுகள், ஆயுத பூஜைக்கு உங்கள் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் அரங்களும் சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்தன. கத்தி அலமாரியிலேயே இருந்தது.

மாதம் ஒருமுறை மட்டும் அது வெளியே வரும். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரிப்பீர்கள். ஒரு தாளை மடித்து உதடுகளுக்கிடையே கவ்விக்கொள்வீர்கள். மூச்சின் ஈரம் இரும்பில் படக்கூடாதாம். அந்தக் கால் மணி நேரம் உங்களோடு பேச முடியாது. "இந்த வீட்டுல நீங்க வாய மூடற ஒரே நேரம்" என்று நான் அடுப்படியிலிருந்து சொல்வேன். தாளைக் கவ்வியபடி கண்ணால் சிரிப்பீர்கள். பழைய எண்ணெயை ஒற்றி எடுத்து, ஒரு சிறிய பொட்டலத்தால் பவுடர் தட்டி, துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி கிராம்பு எண்ணெய். விரல் ஒருபோதும் படாது.

ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "ஓரத்துல பாரு, வெள்ளையா. காலையில பத்துமலை உச்சியில மேகம் ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அது மாதிரி. வரைஞ்சது இல்ல மதர். நெருப்புலயும் தண்ணியிலயும் தானா வந்தது." நான் எட்ட நின்றபடி "ம்" என்றேன். பார்க்கவில்லை. பார்த்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நான் அன்று நாலு அடி கிட்ட வந்து நீங்கள் காட்டிய இடத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு உங்கள் கண்ணில் புரை விழுந்தது. அறுவைக்கு முதல் நாள் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "கண்ணு சரியா வரலன்னா அந்த மேகத்தப் பாக்க முடியாது" என்றீர்கள். உங்கள் பயம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உங்கள் சட்டையை இன்னும் ஒருமுறை மடித்தேன்.

அறுவை முடிந்து நாலு நாள் செராஸில் நம் மகள் சுமதி வீட்டில் இருந்தீர்கள். ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. அந்த நாலு நாளில் நான் தனியாக இந்த வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அப்பாவிடம் மனசுக்குள் கேட்டேன். முகம் தெரியாத அப்பாவிடம் கேட்பது சுலபம், மறுக்கமாட்டார். இந்த ஆண்டு உங்கள் கத்தியும் பூஜைக்கு வரட்டும், வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் உங்களுக்காக நான் பிடிவாதத்தை விட்ட இடங்கள் அதிகம் இல்லை. அது ஒன்று.

எல்லாம் நீங்கள் செய்வது போலவே செய்தேன். வெள்ளைத் துணி விரித்தேன். தாளை மடித்துக் கவ்வினேன். விரல் படாமல் உருவினேன். முதல் முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தேன். ஓரம் முழுக்க ஒரு மங்கல். மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி வெள்ளையாக, ஒழுங்கில்லாமல், மேடும் பள்ளமுமாக. துணியால் துடைத்தேன், போகவில்லை. பாவம், கண் தெரியாமல் கறை பிடிக்க விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன மேகம் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேகம் என்றால் ஏதோ செதுக்கிய கோலம் போல இருக்கும் என்று பதினெட்டு ஆண்டாக நினைத்திருந்தேன். கறையோடு ஒரு பொருளை என் சாமி முன்னால் வைத்துப் பழக்கமில்லை எனக்கு.

குத்துவிளக்குத் தேய்க்கும் பித்தளை பாலிஷை எடுத்தேன். உங்கள் பழைய வேட்டியின் கிழிசலில் தொட்டுத் தேய்த்தேன். மேலும் கீழுமாக, குறுக்கிலும். மூன்று முறை பூசி, மூன்று முறை துடைத்தேன். முக்கால் மணி நேரம். வாயில் அந்தத் தாள் கடைசிவரை இருந்தது. மங்கல் போய், ஓரத்திலிருந்து முதுகுவரை ஒரே பளபளப்பு. சாய்த்துப் பார்த்தபோது என் கண்ணும் மூக்கும் அதில் தெரிந்தன. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் திருப்தியை நான் மறைக்கமாட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுமதியின் கையைப் பிடித்தபடி வந்தீர்கள். சாமி அறை வாசலில் நின்றீர்கள். உங்கள் கருவிகளின் நடுவில் அது படுத்திருந்தது, பிடியில் ஒரு சந்தனப் பொட்டோடு. அவ்வளவு தூரத்தில், அந்தக் கண்ணோடு, பளபளப்பு மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"வச்சிட்டியா?" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "உங்கப்பா கோவிச்சுக்க மாட்டாரா?"

"கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

நீங்கள் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுத் துடைத்தீர்கள். கண்ணில் கை வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் அதட்டினேன். நம் கல்யாண வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடமும் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. கண் தெளிந்துவிட்டது, நாளிதழைக் கண்ணாடி இல்லாமல் படித்தீர்கள். காலையில் துணி விரித்தீர்கள். நான் பச்சை மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட நேரமாயிற்று. பார்த்தால், கத்தியோடு பால்கனி வெளிச்சத்தில் நிற்கிறீர்கள். இப்படிச் சாய்க்கிறீர்கள், அப்படிச் சாய்க்கிறீர்கள். வாயிலிருந்து தாள் விழுந்துவிட்டிருந்தது.

"மதர், இங்க வா. மேகம் தெரியுதா உனக்கு?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. நான் தேய்த்தது எதை என்று.

"எனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

"நீ ஏதாச்சும் போட்டுத் தேச்சியா?"

நீங்கள் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தீர்கள். உண்மையைச் சொல்ல எனக்குப் போதுமான நேரம் இருந்தது. சொன்னால் அந்தப் பூஜை நாள் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஐம்பது ஆண்டாக இந்த வீட்டில் தவறு செய்பவள் நான் இல்லை என்பது.

"நான் ஏன் தேய்க்கறேன்? பொட்டு வச்சேன், தொடச்சு வச்சேன். அவ்வளவுதான்."

"சரி" என்றீர்கள். அவ்வளவு சீக்கிரம் நம்பினீர்கள். நான் பொய் சொல்வேன் என்ற எண்ணமே உங்களுக்கு வரவில்லை.

பிறகு காரணத்தை உங்களிடமே தேடினீர்கள். கத்திக்கான பவுடரும், பட்டறையிலிருந்து கொண்டுவந்த அரைக்கும் பவுடரும் ஒரே மாதிரி இரண்டு டப்பாவில், ஒரே தட்டில் இருந்தன. "அறுவைக்கு முந்தின மாசம் கண்ணு தெரியாம டப்பாவ மாத்திட்டேன் போல" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்தின மாதிரி ஞாபகமே இல்ல மதர். அதான் பயமா இருக்கு." நான் மிளகாய்க் காம்புகளைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றீர்கள். உங்கள் கையெழுத்து புரியாது என்று என்னை எழுதச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கவனக்குறைவால் உங்கள் உழைப்பைக் கெடுத்துவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று, கான்வென்டில் பரிசு வாங்கிய அந்தக் கையெழுத்தில், ஓர் எழுத்துகூடச் சாயாமல் எழுதினேன். அடியில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். மை காய்வதற்காக நான் ஊதினேன்.

அவர் பதில் போட்டார். அந்த மேகம் இரும்பின் மேலே இருப்பதில்லை, உள்ளே இருக்கிறது. மெருகு போடுபவர் மீண்டும் வெளியே கொண்டுவருவார், அனுப்புங்கள் என்றார். நீங்கள் அனுப்பவில்லை. "திரும்பி வந்தா மறுபடி நான்தானே தொடணும்" என்றீர்கள். துணியையும் புட்டியையும் என் பக்கம் நகர்த்தினீர்கள். "இனிமே நீ பாத்துக்க மதர். உன் கை சுத்தம்."

நாலு ஆண்டு, மாதம் தவறாமல், உங்கள் எதிரில் உட்கார்ந்து அதற்கு நான் எண்ணெய் போட்டேன். தாளைக் கவ்விக்கொண்டு. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பாராட்டோடு. "நான் செஞ்சத விட நல்லா செய்யற" என்று ஒருமுறை சொன்னீர்கள். வாயில் தாள் இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் முடிந்ததும் தாளை எடுத்துவிடலாம். எடுத்தேன். பேசவில்லை.

உங்கள் பயம் கத்தியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கேஸ் அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து பார்க்க ஆரம்பித்தீர்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வழக்கம் போல மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், கிப்பாஸ் ரோசாக் லா" என்று விசிறி கெட்டுவிட்டதைச் சொன்னபோது, அதை வாங்கக் கையை நீட்டிவிட்டு, பிறகு மடக்கிக்கொண்டீர்கள். "கடையில கொடுங்க ஆன்டி. என் கை இப்பச் சரியில்ல." அவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை. அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சுமதி வந்து கார் சாவியைக் கேட்டாள். அன்போடுதான் கேட்டாள். நீங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தீர்கள்.

சொல்வதற்கு அந்த நாலு ஆண்டில் எவ்வளவோ நாள் இருந்தது. யாரும் குறுக்கே வரவில்லை. நோயும் திடீரென்று வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க நாம் இருவரும் தனியாகத்தான் இருந்தோம். தலையணையைச் சரிசெய்தேன், நகம் வெட்டிவிட்டேன், போர்வையின் ஓரத்தை நேராக்கினேன். அதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது வந்த கடிதத்தில் அவர் கேட்டிருப்பது இதுதான்: தன் ஊரில் தன் கத்திகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள், உங்களிடம் இருப்பதையும் கடன் கொடுக்க முடியுமா, காட்சிக்கு முன் மெருகுக்காரர் சரிசெய்து தருவார். அவருடைய மகள் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தியில் அவர் சொல்லச் சொல்ல எழுதியதாக இரண்டு வரி. "அன்று என் பட்டறையில் நீங்கள் அரம் பிடித்ததைப் பார்த்தேன். அந்தக் கை டப்பாவை மாற்றியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை."

ஒரே ஒரு நாள், பாஷை இல்லாமல், உங்கள் கை வேலையைப் பார்த்த மனிதர்.

கூடவே மெருகுக்காரரின் படிவம். கத்தியில் என்ன பூசப்பட்டது, எதனால் தேய்க்கப்பட்டது, எந்தத் திசையில், எவ்வளவு நேரம். ஊகித்து எழுத வேண்டாம், தெரிந்ததை மட்டும் எழுதவும் என்று அடியில் கோடிட்டிருந்தது.

போன சனிக்கிழமை சுமதி பங்சாரிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தாள். இலையைப் பிரித்துக்கொண்டே படிவத்தைப் புரட்டினாள்.

"இது என்னம்மா, போலீஸ் ரிப்போர்ட் மாதிரி கேக்கறாங்க. பவுடர் மாறிப்போச்சுன்னு போட்டுருங்க. அப்பாவே ஒத்துக்கிட்டதுதானே."

"அப்பா மாத்தல. நான்தான் தேச்சேன்."

"எத?"

"அந்தக் கத்திய. பித்தளை பாலிஷ் போட்டு. பூஜைக்கு வைக்க."

"ஜோக் அடிக்காதீங்கம்மா."

"நான் என்னைக்கு ஜோக் அடிச்சேன்?"

அவள் படிவத்தைக் கீழே வைத்தாள். பால்கனிக்கு அடியில் மோனோரயில் ஒன்று போயிற்று.

"நான் அப்பா கார் சாவிய வாங்கினேன்மா."

"தெரியும்."

"அந்தக் கத்தியச் சொல்லித்தான் வாங்கினேன். டப்பாவே மாறிப்போச்சு, நாளைக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மாறினா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து பீன்ஸ் வெட்டிக்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான். ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அவரு என்னையே பாத்தாரும்மா. அப்புறம் உங்களப் பாத்தாரு. நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்திருப்பாரு. அவரு நல்லா ஓட்டுவாருன்னு ஒரு வார்த்த."

சுமதி சாப்பிடாமலே கையைக் கழுவினாள். எனக்கு வைத்த இலையை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போனாள். ஐந்து நாள் போன் வரவில்லை. அவளுக்கு உங்கள் குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதவை அவள் சத்தமில்லாமல் சாத்தியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

படிவத்தை நான் அன்றே நிரப்பிவிட்டேன். பித்தளை பாலிஷ், பருத்தி வேட்டித் துணி, நீளவாக்கிலும் குறுக்கிலும், மூன்று முறை, முக்கால் மணி நேரம். இதைச் செய்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர். தனித் தாளில் அவருக்கும் எழுதினேன். "என் கணவர் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் உள்ள குற்றம் அவருடையதில்லை. அதை எழுதிய கை எதுவோ அதுதான் கத்தியையும் தேய்த்தது. உங்கள் சந்தேகம் சரி. அவர் காலமாகி ஆறு ஆண்டாகிறது." பழைய கையெழுத்து இப்போது இல்லை. வரிகள் கொஞ்சம் சாய்கின்றன. திருத்தி எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சுமதி, "நாளைக்குப் பதினொரு மணிக்கு வரேன், பெட்டிய ரெடி பண்ணி வைங்க" என்று மட்டும் போனில் சொன்னாள். கத்தியை ஜப்பானுக்கு அனுப்ப மருமகன் அனுமதித் தாள்களையெல்லாம் வாங்கிவிட்டாராம்.

அதனால்தான் இன்று காலை அலமாரியைத் திறந்தேன். துணி விரித்தேன். தாளை மடித்துக் கவ்விக்கொண்டேன். உருவிப் பார்த்தால் நுனியருகே இரண்டு இடத்தில் கடுகளவு துரு. நீங்கள் போன பிறகு நான் தொடாமல் விட்டதன் அடையாளம். மற்ற இடமெல்லாம் இன்னும் பளபளக்கிறது. என் முகம் தெரிகிறது, எண்பது கடந்த முகம். நான் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தது இதைத்தான். அது திரும்பி வரும்போது மேகம் இருக்கும், இந்த முகம் இருக்காது. அதை உறைக்குள் விட்டு, தாளை வாயிலிருந்து எடுத்து, உங்கள் படத்தின் எதிரில் நின்று, "நான்தான் தேச்சேன்" என்று சத்தமாகச் சொன்னேன். சீன ஆன்டி வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

பதினொரு மணிக்குச் சுமதி வந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். படிவத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். "முக்கா மணி நேரமா?" என்றாள். "ஆமா" என்றேன். அவள் உதடு லேசாகத் துடித்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கைப்பையிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உங்கள் கார் சாவி. அன்று நீங்கள் அவள் கையில் வைத்தது; வண்டியை விற்றபோது மாற்றுச் சாவியை மட்டும் கொடுத்திருக்கிறாள். தேய்ந்த தோல் பட்டையில், நீங்கள் ராவிச் செய்த அந்தச் சின்ன இரும்பு வளையத்தோடு.

"இது இனிமே என்கிட்ட இருக்க வேண்டாம்மா" என்றாள்.

வண்டி எங்கே ஓடுகிறது என்று தெரியாது. இந்தச் சாவியால் திறக்க எதுவும் இல்லை. வளையத்தைத் தடவிப் பார்த்தேன்; எந்த இடத்திலும் பிசிறு இல்லை, இணைப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. தேய்க்காமல், துடைக்காமல், வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டேன். கதவைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் கையில் படும். இன்று மூன்று முறை பட்டது.